அமாவாசை அன்று அளந்த கால்கள்

அந்தக் கல்லூரியில் மே மாதத்தை விடுமுறை என்று சொன்னால் சிரிப்பார்கள். விடுமுறை என்பது, தேர்வில் தோற்றவர்களுக்கு. மற்றவர்கள் ஆய்வு செய்வார்கள். இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஒரு பேராசிரியரைப் பிடித்து, அவர் அறை வாசலில் கால் கடுக்க நின்று, இரண்டு மாதம் அவருக்குக் கீழே கோடைக்கால ஆய்வுப் பயிற்சி என்று ஒன்றைச் செய்து, கடைசியில் ஒரு சான்றிதழும் ஒரு புகைப்படமுமாக வெளியே வர வேண்டும். நோயாளியின் கையில் நாடி எங்கே ஓடுகிறது என்று தேடுகிற பையன் ‘என் ஆய்வு ஆர்வங்கள்’ என்று பேச ஆரம்பிப்பது அப்போதுதான். யாருக்கும் எதன் மீதும் ஆர்வம் கிடையாது. வெளியே போகிற வழி வேண்டும், அவ்வளவுதான். அந்த வழி கோடையில் திறக்கிறது என்று மூத்த மாணவர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். கேவலம் என்னவென்றால் அது உண்மை.

துர்காதேவிக்கும் அந்த வழிதான் வேண்டியிருந்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி நெய்யும் சிவராஜின் ஒரே மகள். அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, அந்தத் தெருவிலிருந்து மருத்துவம் படிக்கப் போன முதல் ஆள். படித்து முடித்தால் என்ன ஆவோம் என்பதை அவள் தினமும் கல்லூரிப் பேருந்துக்கு நிற்கும் இடத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு கிளினிக். அதே கல்லூரியில் படித்த டாக்டர். ஊசி போட்டால்தான் டாக்டர் என்று நம்புகிற கூட்டத்துக்கு காலையும் மாலையும் ஊசி போடுவார். ஊசி வேண்டாம் என்று சொன்ன முதல் வாரத்தில் கூட்டம் பக்கத்துக் கிளினிக்குக்குப் போய்விட்டதால் பிறகு அவர் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் தான் உட்காரக்கூடாது என்பது துர்காவின் தீர்மானம். அவளிடம் வேறு தீர்மானம் எதுவும் கிடையாது.

தப்பிக்க ஒரு ஏற்பாடு இருந்தது. கல்லூரியின் கோடை ஆய்வுகளில் ஒன்றுக்கு ஜூலையில் முதல் பரிசு கொடுப்பார்கள். பரிசு வாங்கியவரை டெல்லியில் ஒரு பெரிய ஆய்வு நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிடும். அதில் தேறினால் அடுத்த கோடை டெல்லியில். டெல்லிக்குப் போய்வந்த யாரும் பேருந்து நிறுத்தத்துக் கிளினிக்கில் உட்காரவில்லை. ஒருவர் பாஸ்டனில் இருந்தார், ஒருவர் லண்டனில். இருவர் படமும் கல்லூரி வாசலில் பிளெக்ஸாக வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது.

துர்காவுக்கு வாய்த்த வழிகாட்டி ராஜகோபால், சமூக மருத்துவப் பேராசிரியர். முப்பது வருடமாகச் சமூகத்தை ஆராய்ந்து வருபவர். காரை விட்டு இறங்கி ஆராய்ந்ததாக யாரும் பார்த்ததில்லை. மாணவர்கள் எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் கடைசிப் பெயராக அவர் பெயர் வரும். கல்யாணப் பத்திரிகையில் குலதெய்வத்தின் பெயர் வருவதுபோல, எந்தக் காரியமும் செய்யாமல், ஆனால் விட முடியாமல்.

அவருக்குக் கீழே இரண்டு பேர். இன்னொருவன் பிரேம்நாத். சென்னையில் அப்பா அம்மா இருவரும் டாக்டர்கள், சொந்த மருத்துவமனை. முதலாம் ஆண்டிலேயே அப்பாவின் நண்பரிடம் ஓர் ஆய்வுப் பயிற்சியை முடித்துவிட்டிருந்தான். என்ன ஆராய்ந்தான் என்று கேட்டால் அவனுக்கு நினைவில்லை. எப்படி எழுத வேண்டும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

“சொல்லுங்க, என்ன டாபிக்?” என்றார் ராஜகோபால்.

“செல்போனும் தூக்கமும், சார்” என்றான் பிரேம்நாத்.

“போன வருஷம் ஏழு பேர் அதான் பண்ணாங்க. படிச்சுப் படிச்சு எனக்கே தூக்கம் வந்துடுச்சு. நீ சொல்லும்மா.”

“தறி நெய்யுறவங்களுக்கு சாயந்தரமானா கால் வீங்குது சார். குழிக்குள்ள கால தொங்கப் போட்டுக்கினு,” என்று தொடங்கி, “தொங்கப் போட்டுட்டு உக்காந்திருப்பாங்க” என்று திருத்திக்கொண்டாள் துர்கா. “விரலால அமுக்குனா பள்ளம் விழும். ரொம்ப நேரம் அப்படியே இருக்கும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க வீட்ல தறி இருக்குது சார். அப்பா நெய்யுறாரு.”

ராஜகோபாலின் முகம் மலர்ந்தது. கருணையால் அல்ல. ஒரு மருத்துவ இதழின் அட்டையைப் பார்த்தவர்போல அவளைப் பார்த்தார். அன்றிலிருந்து துறைக்கு யார் வந்தாலும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, “இவங்க ஒரு வீவர்ஸ் டாட்டர். தன்னோட கம்யூனிட்டியவே ஸ்டடி பண்றாங்க” என்று காட்டுவார். வந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள். துர்காவுக்கு உள்ளே எரியும். ஒவ்வொரு முறையும் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நிற்கவும் செய்வாள்.

சிக்கல் ஒன்றுதான். குழியில் இறங்கி உட்கார்ந்த நெசவாளி காலைக் காட்டுவதற்காக மேலே ஏறமாட்டான். கை ஓட்டம் அறுந்தால் சேலையில் தெரியும். பக்கத்தில் சேலைக் கரையைக் கோத்துக்கொடுக்கிற ஆளும் சும்மா உட்கார வேண்டும். கல்லூரி வேனும் ஒரே ஒரு நாளுக்குத்தான் கிடைக்கும். ஒரு தெருவின் கால்களை முழுக்க ஒரே நாளில் எப்படிப் பிடிப்பது?

வழி சொன்னது துர்காதான். “அமாவாசை அன்னிக்கு எல்லாரும் வீட்லயே இருப்பாங்க சார். நெதானமா பாக்கலாம்.”

தறிக்காரர்களுக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது. அமாவாசைதான் விடுமுறை. அன்று குழியில் கால் வைப்பதில்லை. துர்காவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பகல் வெளிச்சத்தில் அப்பாவின் முழு உருவத்தையும் பார்க்கக் கிடைத்தது அமாவாசைகளில்தான். மற்ற நாளெல்லாம் இடுப்புக்கு மேலேதான் அப்பா. அதனால் கேட்டதும் வாயில் அது வந்துவிட்டது. ராஜகோபால் மேசையைத் தட்டி, “இதுதான் கம்யூனிட்டி இன்சைட். புக்ல வராது” என்றார். பிரேம்நாத் அதைக் குறித்துக்கொண்டான். அன்று எல்லாரும் ஏன் வீட்டில் இருக்கிறார்கள் என்று மூவரில் ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. ஒருவர் முப்பது வருட டாக்டர். இருவர் டாக்டராகப் போகிறவர்கள். அதில் ஒருத்தி தறி ஓசையில் தூங்கி வளர்ந்தவள்.

வைகாசி அமாவாசை அன்று வேன் தெருவுக்குள் வந்தது. தெரு ஒரு கல்யாணத்துக்குத் தயாரானதுபோல இருந்தது. காலைத் தொட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்று துர்காவின் அம்மா தையல்நாயகி வீடு வீடாகச் சொல்லிவைத்திருந்தாள். பெண்கள் முட்டி வரை மஞ்சள் தேய்த்துக் குளித்திருந்தார்கள். ஆண்கள் முன்னோருக்குப் படையல் போட்டுவிட்டு, வெளுத்த வேட்டியோடு, கச்சபேசுவரர் கோயிலுக்குப் போய்வந்த விபூதி கலையாமல், வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பிரேம்நாத் ஒவ்வொரு காலாகக் கட்டைவிரலால் அமுக்கினான். துர்கா கணுக்காலைச் சுற்றி டேப் வைத்து அளந்தாள்.

“தம்பி, கால் நகமும் கொஞ்சம் வெட்டி வுட்டுட்டுப் போப்பா” என்றார் பக்கத்து வீட்டுக் காசிநாதன்.

பிரேம்நாத்துக்குக் கேலி புரியவில்லை. “எஸ், எஸ்” என்றான்.

“எஸ்ஸாம்ல. ஏய் துர்கா, கத்திரி எடுத்துக்கினு வாம்மா, டாக்டர் ரெடியா இருக்காரு.”

தெரு சிரித்தது. தையல்நாயகி மட்டும் சங்கடத்தோடு, “பெரிய எடத்துப் புள்ள, நம்ம காலப் போய் தொட்டுக்கினு இருக்குது. பாவம்யா, கேலி பண்ணாதீங்க” என்றாள். அவள் முறை வந்தபோது காலை நீட்டாமல் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். துர்கா அதட்டி நீட்டவைத்தாள்.

பள்ளம் யாருக்கும் விழவில்லை. ஒன்றிரண்டு வயதானவர்களுக்கு லேசாக. அப்பாவின் கால்கூட வாழைத்தண்டுபோல இருந்தது. “பாத்தியா, நல்லாத்தான் இருக்குது” என்றார் சிவராஜ் பெருமையாக. துர்காவும் நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்தாள். எழுதிக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தறியில் உட்காராத ஒரு கூட்டமும் வேண்டும் என்பது ஆய்வு விதி. அதற்குக் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை அகப்பட்டது. வைகாசி முகூர்த்த நெரிசல். காலையிலிருந்து நின்றுகொண்டே சேலை விரித்துப் போட்ட விற்பனையாளர்களைக் கடை மூடும் நேரத்தில் உட்காரவைத்து அளந்தார்கள். அவர்கள் கால் செருப்பிலிருந்து பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

ஆக முடிவு கிடைத்தது. தறிக்குழியில் உட்காருகிறவர்களின் கால்கள் மற்றவர்களின் கால்களைவிட ஆரோக்கியமானவை.

ராஜகோபால் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “இதை யாரும் சொன்னதில்லை. எல்லாரும் வீக்கம் இருக்கும்னு எதிர்பார்ப்பாங்க. நாம இல்லைன்னு சொல்றோம்.” காரணமும் அவரே கண்டுபிடித்தார். மிதியை மாற்றி மாற்றி மிதிப்பதால் கெண்டைக்கால் தசை பம்பு போல வேலை செய்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஆகவே தறி என்பது ஒருவகை உடற்பயிற்சி. நம் முன்னோர்கள் சும்மா குழி தோண்டவில்லை. பிரேம்நாத் அன்று மாலைக்குள் ஸ்லைடுகளை முடித்துவிட்டான். முதல் ஸ்லைடில் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம். காலுக்கும் கோபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று துர்கா கேட்டாள்.

“ஜட்ஜ் யாராச்சும் காலப் பாக்க வருவாங்களா துர்கா? கோபுரத்தப் பாக்கத்தான் காஞ்சிபுரம் வர்றாங்க” என்றான். அந்த விஷயத்தில் அவனுக்கு அறிவு இருந்தது.

இரண்டு நாள் கழித்து மாலையில் சிவராஜ் குழியிலிருந்து இரண்டு கையையும் தரையில் ஊன்றி மேலே வந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். துர்கா அதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அன்றைக்கு ஏனோ பக்கத்தில் போய் அவர் காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் இருந்தது. தேநீர் குடித்து முடிக்கும் வரை இருந்தது.

அமாவாசை, என்று அவள் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. நெசவு ஓய்ந்த நாளில் போய் நெசவின் கெடுதலைத் தேடியிருக்கிறோம். ஒரு நாள் ஓய்ந்து நீட்டிப் படுத்த கால் வடியாமல் என்ன செய்யும்? அடுப்பு மூட்டாத வீட்டில் புகை இல்லை என்று எழுதியிருக்கிறோம். யோசனை சொன்னவள் நான்.

மறுநாள் ராஜகோபாலிடம் போனாள்.

“சார், நாம அளந்தது லீவு நாள்ல.”

“என்ன லீவு? அன்னிக்கு காலேஜ் இருந்துதே.”

“அவங்களுக்கு லீவு சார். அமாவாசைக்கு தறி நெய்ய மாட்டாங்க. அதனாலதான் வீக்கம் தெரியல.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புரிந்துவிட்டது என்று துர்காவுக்குத் தெரிந்தது. புரிந்ததை எங்கே வைப்பது என்று அவர் இடம் தேடினார்.

“கட்டுரைக் கடைசியில லிமிடேஷன்ஸ்னு குறைங்களைச் சொல்ற பகுதி வரும்ல, அங்க ஒரு லைன் போட்டுடு.”

“ஒரு லைன் போட்டா முடிவே தப்புன்னு ஆயிடும் சார்.”

“லிமிடேஷன்ஸை யாரும்மா படிக்கிறா? பாரு, உன் ஜனங்கங்கிறதால நீ உணர்ச்சிவசப்படறே. ஆராய்ச்சியில அது கூடாது.”

“வேல நாள்ல சாயந்தரமா மறுபடியும் அளந்துடலாம் சார்.”

“வேன் இல்லை. கருட சேவைக்கு முதலுதவி கேம்ப் போயிருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் முடிஞ்சுடும். போட்டிக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியாச்சு. உனக்கு டெல்லி வேணுமா வேணாமா?”

வேணும். அவர் கேட்டது கேள்வி அல்ல.

வெளியே பிரேம்நாத் வாசலில் காத்துக்கொண்டிருந்தான். “லூசா நீ? நீ குடியிருக்கறதே அந்தத் தெருவுலதான். உனக்கு அவ்ளோ உறுத்துனா நீயே தினமும் அளந்துக்கோ. யார் தடுத்தா? ஆனா ஸ்லைடுல கை வைக்காத” என்றான். அவன் பேசியதிலேயே அதுதான் நியாயமான பேச்சு. அதனால்தானோ என்னவோ துர்காவுக்கு அவன் மேல் அவ்வளவு கோபம் வந்தது.

ஜூலையில் போட்டி. கல்லூரி அரங்கில் குளிர்சாதனம் போட்டு மூன்று நடுவர்களை உட்காரவைத்திருந்தார்கள். அன்று காலை முழுக்க மாணவர்கள் மேடையேறி, தாங்கள் கண்டுபிடித்ததைச் சொன்னார்கள். சர்க்கரை நோயாளிகள் இனிப்பு சாப்பிடுவதைக் குறைக்க வேண்டும். தேர்வு நேரத்தில் மாணவர்களுக்கு மன அழுத்தம் உண்டு. உடற்பயிற்சி நல்லது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம், ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

துர்கா மேடையில் என்ன சொல்வதென்று முடிவு செய்யாமல்தான் வந்திருந்தாள். ராஜகோபால் போடச் சொன்ன அந்த ஒரு வரியை வேகமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள் என்பதே நிலவரம். ராஜகோபால் கெடுத்தார். அவளை மேடைக்குக் கூப்பிடும்போது ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, “ஒரு நெசவாளியின் மகள்” என்று மறுபடியும் சொன்னார். இம்முறை கையால் வேறு காட்டினார், கடையில் சேலையைக் காட்டுவதுபோல. அந்த எரிச்சலில்தான் அவள் உண்மையைச் சொன்னாள். துணிச்சல் என்று அதற்குப் பெயர் வைத்தது பிறகு வந்தவர்கள்.

எல்லா ஸ்லைடும் முடிந்த பிறகு அவள் நல்ல ஆங்கிலத்தில் சொன்னாள்: நாங்கள் நெசவாளர்களை அளந்தது அவர்கள் நெய்யாத ஒரே நாளில். ஆகவே இந்த முடிவுக்கு எந்தப் பொருளும் இல்லை. நன்றி.

பிரேம்நாத் தலையில் கை வைத்துக்கொண்டான். டெல்லி போயிற்று என்று எண்ணிக்கொண்டு அவள் படியிறங்கினாள். பாதிப் படியில் கைதட்டல் கேட்டது. நடுவில் உட்கார்ந்திருந்த நடுவர், காலையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், ஒலிபெருக்கியை வாங்கினார். பல வருடமாக இப்படிப்பட்ட அரங்குகளுக்கு வருவதாகவும், தன் ஆய்வைத் தானே கேள்வி கேட்கும் மாணவியை இப்போதுதான் பார்ப்பதாகவும், அறிவியல் நேர்மை என்பது இதுதான் என்றும் சொன்னார். ராஜகோபால் எழுந்து நின்று தலைவணங்கினார். நேர்மை அவர் துறையில் விளைந்தது அல்லவா.

முதல் பரிசு துர்காவுக்கு. தேநீர் வேளையில் அந்த நடுவர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். மறு அளவை எப்போது எடுக்கப்போகிறாய் என்று கேட்பார் என்று பதில் தேடிக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, கடைக்குப் போகாம நேரா தறியிலேயே கரை கோத்து நெய்யற கோர்வைப் பட்டுச்சேலை வாங்க முடியுமா? பொண்ணுக்கு மார்கழி கழிச்சு கல்யாணம்.”

முகவரி கொடுத்தாள்.

கல்லூரியின் விளம்பர ஆள் பத்திரிகைக்காரர்களுக்குச் செய்தி கொடுத்தான். மேடையில் அவள் சொன்ன கடைசி வரி அதில் வரவில்லை. ‘தறிக்குழி கால்களுக்கு நல்லது: காஞ்சிபுரம் மாணவி கண்டுபிடிப்பு’ என்று உள்ளூர்ப் பக்கத்தில் படத்தோடு வந்தது. சிவராஜ் அதை வெட்டித் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். ராத்திரியில் காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். தையல்நாயகி வெந்நீரில் உப்பு போட்டுக் கொண்டுவருவாள். இப்போது வேண்டாம் என்றார். காசிநாதனும் அவர் வீட்டில் அப்படியே சொல்லிவிட்டாராம். நல்லது என்று டாக்டர் படிப்பே சொல்லிவிட்ட பிறகு காலுக்கு என்ன உபசாரம்.

துர்கா அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“பா, அந்தப் பேப்பர்ல வந்தது தப்பு.”

“எது? உன் பேரு கரெக்டாத்தான போட்டுக்கிறான்.”

“பேரு இல்லப்பா. நாங்க அமாவாசை அன்னிக்கு வந்து அளந்தோம். அன்னிக்கு நீங்க யாரும் தறியில எறங்கல. அப்புறம் வீக்கம் எங்க இருக்கும்?”

சிவராஜ் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டார். “நீங்க வந்து அமுக்கிப் பாத்ததும் நல்லாயிடுச்சின்னுதான் நான் நெனச்சேன்.”

“அமுக்கிப் பாத்தா நல்லாவுமா?”

“டாக்டர்னா அப்பிடித்தான இருக்கணும்.” பிறகு, “மேடையில இத சொன்னியா?”

“சொன்னேன்.”

“தப்புன்னு சொல்லியுமா பரிசு குடுத்தாங்க?”

“சொன்னதுக்குத்தாம்பா குடுத்தாங்க.”

சிவராஜ் மகளை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்கிறாளா என்று பார்த்தார். இல்லை என்று தெரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

“அப்ப வேல நாள்ல வந்து, கால் வீங்குதுன்னு கண்டுபுடிச்சிருந்தா?”

“அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானன்னு சொல்லியிருப்பாங்க.”

“நல்ல படிப்பு போ” என்றார். செய்தித்தாளை மட்டும் சுவரிலிருந்து கிழிக்கவில்லை. படம் நன்றாக வந்திருந்தது.

பரிசுக்கும் டெல்லி நேர்காணலுக்கும் நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அத்தனை மாலையிலும் அந்தத் தெருவில் ஆட்கள் தறிக்குழியிலிருந்து கை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தார்கள். டேப் துர்காவின் பையிலேயே இருந்தது. கட்டைவிரலும் இருந்தது. வேன் தேவையில்லை, ராஜகோபால் தேவையில்லை. வீடு வீடாக ஐந்து நிமிடம் போதும். முதல் வாரம் களைப்பு என்றாள். இரண்டாம் வாரம் வகுப்புகள் தொடங்கிவிட்டன. பிறகு மாலைகளில் போனில் பிரேம்நாத்தோடு நேர்காணலுக்குப் பயிற்சி.

“ஏன் ரிசர்ச் பண்ணணும்னு கேட்டா?”

“எங்கப்பா கால்லேர்ந்து ஆரம்பிக்கிறேன்.”

“சூப்பர். எனக்கெல்லாம் அப்பா கால் நல்லா இருந்து தொலையுது. கொஞ்சம் மெதுவா சொல்லு, நடுவுல ஒரு தடவ நிறுத்து.”

அவள் நிறுத்திப் பழகினாள். ஒருமுறை நின்ற வெந்நீரை யாரும் மறுபடி தொடங்காததால், பக்கத்து அறையில் அந்தக் கால் சும்மா நீட்டிக்கொண்டு கிடந்தது.

நேர்காணல் கணினியில். கல்லூரியில் இணையம் அறுந்து அறுந்து வந்ததால் வீட்டிலேயே உட்கார்ந்தாள். மடிக்கணினி பிரேம்நாத் கொடுத்தது. தறி இருக்கிற கூடத்தில்தான் சிக்னல் கிடைத்தது. சிவராஜ் குழியில் உட்கார்ந்தபடியே ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர், மகளுக்காக இருந்தார். தையல்நாயகி சமையலறையில் குழம்பைத் தாளிக்காமல் காத்திருந்தாள்.

திரையில் மூன்று முகங்கள். இரண்டு ஆண்கள் எதிர்பார்த்ததைக் கேட்டார்கள். அப்பாவின் காலிலிருந்து ஆரம்பித்தாள், நடுவில் நிறுத்தினாள். இருவரும் உருகினார்கள். மூன்றாவது, தலை முழுக்க நரைத்த ஒரு பெண் டாக்டர். அவர் உருகவில்லை. கையில் இருந்த தாளைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

“இந்த அளவுகளுக்குப் பொருள் இல்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். நல்லது. பிறகு வேலை நாளில் போய் அளந்தாய் அல்லவா?”

இத்தனை பேரில் முதல் ஆள். பேராசிரியர் கேட்கவில்லை, மூன்று நடுவர்கள் கேட்கவில்லை, பத்திரிகைக்காரன் கேட்கவில்லை. கேட்கப்பட வேண்டிய ஒரே கேள்வியை ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஒருவர் கேட்டுவிட்டார்.

“ஆமாம், மேடம்” என்றாள் துர்கா.

“எத்தனை பேருக்கு வீக்கம் இருந்தது?”

“எழுபத்தொரு சதவீதம்.”

எழுபது என்று சொல்லியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். அது அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. கோடைப் பயிற்சியின் இரண்டு மாதம் வீண்போகவில்லை.

“விண்ணப்பத்தில் அது இல்லையே?”

“இன்னும் அலசிக்கொண்டிருக்கிறேன், மேடம். அவசரப்பட விரும்பவில்லை.”

நரைத்த பெண்மணி முதல் முறையாகச் சிரித்தார். “சரியாகச் செய்திருக்கிறாய்” என்று தாளில் ஏதோ எழுதினார். டெல்லி அந்தக் கணத்தில் முடிவாகிவிட்டது. கடிதம் வந்தது பிறகு.

அந்த எழுபத்தொன்று அவளோடு பல ஊர் போயிற்று. டெல்லியில் அவளை ரத்தநாள ஆய்வுக்கூடத்தில் போட்டது அதை நம்பித்தான். பின்னால் அவள் ரத்தநாள மருத்துவத்தை எடுத்துக்கொண்டதும், இன்று சென்னையில் குளிரூட்டப்பட்ட அறையில் பட்டுக்கடை முதலாளிகளின் கால்களைப் பார்ப்பதும் அந்தக் கோடையின் நீட்சிதான். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அப்பாவின் கால் வந்தது, பக்கத்திலேயே எழுபத்தொன்றும் வந்தது. ராஜகோபால் ஓய்வு பெறும் வரை கோடை மாணவர்களை அமாவாசை அன்றுதான் அந்தத் தெருவுக்கு அனுப்பினார். ஆட்கள் வசமாகக் கிடைக்கிறார்கள் என்று.

நேர்காணல் முடிந்த அன்று காலை கணினியை மூடியதும் சிவராஜ் குழியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“முடிஞ்சுதாம்மா?”

“முடிஞ்சுதுப்பா.”

“இன்னா கேட்டாங்க? அந்தம்மா ஏதோ அழுத்தி அழுத்திக் கேட்டுச்சே.”

“தறி நெய்யுறவங்களுக்கு கால் வீங்குதான்னு கேட்டாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“வீங்குதுன்னு சொன்னேன்.”

“அப்புறம் இன்னா, உள்ளதத்தான சொல்லிக்கிற” என்றார் சிவராஜ். மிதியில் கால் வைத்து நாடாவை எறிந்தார். சமையலறையில் கடுகு வெடித்தது.